இடமிருந்து வலம்

சுங்கை ரோடு திருட்டுச் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஓடாத கடிகாரங்களுக்கும் செல்லாத தொலைபேசி அட்டைகளுக்கும் நடுவே எனக்கு ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. கடைக்காரக் கிழவர் ஐந்து வெள்ளி சொன்னார், மூன்றுக்குக் கொடுத்தார். அட்டையில் நான்கு ஆண்கள். முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, வெற்று மார்பு. இரண்டாவது ஆளின் கழுத்தில் ஒரு தாயத்து. நான்காவது ஆள் அசைந்துவிட்டார் போலிருக்கிறது, அவர் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் தொங்கும் திரையில் ஐரோப்பியத் தோட்டமும் ஒரு கல்தூணும். அந்தத் தோட்டத்துக்குள் சம்பந்தமே இல்லாமல் ஒரு பிரம்புக் கூடை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: கிலிங் கூலிகள், சிங்கப்பூர். எந்த ஸ்டூடியோ என்று போடவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் வேறொரு படம் மாட்டியிருந்தது. தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணியாக இருந்தவர். துறைமுகத் தொழிலாளர்களுக்கு நடத்திய இரவுப் பள்ளியின் ஆண்டு விழாவில், 1950களில் எடுத்த படம் அது. இருபத்தேழு பேர். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கைகளை முழங்காலில் பதித்திருக்கிறார்கள், நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒட்டிய அட்டையில் யாரோ மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார்: அமர்ந்திருப்பவர்கள் (இடமிருந்து வலம்), நிற்பவர்கள் (இடமிருந்து வலம்). இருபத்தேழு பெயர்களும் தலைப்பெழுத்தோடு. கடைசியில், ‘படத்தில் இல்லாதவர்’ என்று அன்றைக்கு வேலைமுறை மாறி வரமுடியாமல் போன ஒருவரின் பெயர்.

இரண்டு படமும் நிறுத்திவைத்து எடுத்தவைதான். இரண்டிலும் ஒருவரும் இயல்பாக இல்லை. ஆனால் ஒன்றை ஆவணம் என்று மனம் ஏற்கிறது, மற்றதை ஏற்க மறுக்கிறது. ஆவணப் புகைப்படத்தின் நேர்மையைப் பற்றி உலகம் ஒன்றரை நூற்றாண்டாக வாதாடிக்கொண்டிருக்கிறது: படத்தை ஜோடித்தார்களா, திருத்தினார்களா, எதை வெட்டி எறிந்தார்கள் என்று. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் என் அனுபவத்தில் படம் சொல்லும் பொய்யைவிடப் படத்துக்குக் கீழே உள்ள வரி சொல்லும் பொய்தான் நெடுநாள் வாழ்கிறது. தஞ்சோங் பகாரை வைத்துக்கொண்டே இதைச் சொல்லிப் பார்க்கலாம். சிங்கப்பூரில் தமிழர்களை அதிகம் படம்பிடித்து, மிகக் குறைவாகப் பெயர் சொன்ன வட்டாரங்களில் இதுவும் ஒன்று.

இங்கே 1864இல் கப்பல்துறைக் கம்பெனி வந்தது. 1905இல் அதை அரசு எடுத்துக்கொண்டது, 1913இல் அது துறைமுக வாரியமாயிற்று. மூட்டை தூக்கவும் சரக்கு இறக்கவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் இங்கே குடியேறின. கடையநல்லூர்ப் பெண்கள் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்குப் பக்கத்தில் கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு சின்னத் தெரு இன்றும் இருக்கிறது. ஊரின் பெயர் தெருப்பலகையில் ஏறிவிட்டது, அம்மியில் குனிந்திருந்த பெண்களின் பெயர் எங்கும் ஏறவில்லை.

அந்தக் காலத்தில் கேமரா யார் கையில் இருந்தது என்பது முக்கியம். ஜெர்மானியரான ஜி. ஆர். லாம்பர்ட் 1867இல் சிங்கப்பூரில் ஸ்டூடியோ திறந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கம்பெனியிடம் இந்த வட்டாரம் முழுவதையும் காட்டும் சுமார் 3,000 படங்கள் விற்பனைக்கு இருந்தன. மாளிகை, துறைமுகம், தென்னந்தோப்பு, அப்புறம் ‘மனித வகைகள்’. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று ஆளுக்கொரு வகை. வகை என்றால் ஒருவர் போதும், அவருக்குப் பெயர் தேவையில்லை. கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் வாங்கி ஊருக்கு அனுப்ப இவை அஞ்சலட்டைகளாயின. ‘கிலிங்’ என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, தெருவில் அது வசவாகத்தான் வந்து சேர்ந்தது. என் அஞ்சலட்டையில் அந்தக் கூடையைக் கொண்டுவந்து வைத்தவர் ஸ்டூடியோக்காரராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் எனக்கு உறுத்துவது கூடை இல்லை, கீழே உள்ள வரி.

மனிதரை வகைபிரிக்கும் இதே வேலையை இந்தியாவில் அரசாங்கமே செய்தது. ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்று 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் வந்தன. சாதிவாரியாக, குலவாரியாக மனிதர்களின் படங்களும், அவர்கள் நம்பத்தக்கவர்களா கலகக்காரர்களா என்ற குறிப்புகளும். அந்தத் தொகுதிகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். ஆவணப் படத்தின் அறம் என்று பேச்செடுத்தால் சூடானில் 1993இல் எடுத்த கழுகும் குழந்தையும் படத்தைத்தான் எல்லோரும் இழுப்பார்கள். தமிழில் பேசுகிறவர்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நமக்கு ஹூப்பர் இருக்கிறார்.

1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் காய்ந்தது. தென்னிந்தியா முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது பரவலான கணிப்பு. பிழைத்தவர்களில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் ஹூப்பர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பசியைவிட அந்த ஒழுங்கு நெஞ்சை அறுக்கும். கல்யாண வீட்டில் குடும்பப் படத்துக்கு உட்காருவதுபோல உட்காரவைத்திருக்கிறார். பெரியவர்கள் பின்னால், குழந்தைகள் முன்னால், விலாவெலும்பு தெரிய, கேமராவைப் பார்த்தபடி. அன்றைய கேமராவுக்கு மனிதர்கள் சில நொடிகள் அசையாமல் இருந்தாகவேண்டும். ஆகவே ஒழுங்கு செய்யாமல் எடுத்திருக்கமுடியாது என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் எடுத்து முடித்துவிட்டு அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அது வெறும் பழி என்று சொல்லி அவரைத் தப்பவிடவும் முடியவில்லை. பத்தாண்டு கழித்து அவரே சாட்சி தந்தார். 1886 ஜனவரியில் மாண்டலேயில், பிடிபட்ட பர்மியர்களைச் சுட்டுக்கொல்லும் இடத்தில் அவர்தான் அதிகாரி, அவர்தான் படக்காரர். குண்டு பாயும் கணம் தகட்டில் விழவேண்டும் என்பதற்காகச் சுடும் உத்தரவைக் கேமராவுக்கு ஏற்பக் காத்திருக்கவைத்தார் என்று லண்டன் ‘டைம்ஸ்’ எழுத, நாடாளுமன்றம் வரை போயிற்று. விசாரணை நடந்தது, கண்டிக்கப்பட்டார். அதற்கும் முன்னால், 1858இல் லக்னோவின் சிக்கந்தர் பாக் முற்றத்தில் ஃபெலிசே பியாட்டோ எடுத்த படத்தில் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. 1857 கலகத்தில் அங்கே சண்டை நடந்து சில மாதங்கள் ஆனபின், படத்துக்காகவே அவற்றைத் தோண்டிப் பரப்பினார்கள் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கதை. ஆக, ‘அந்தக் காலத்தில் படங்கள் உண்மையாக இருந்தன, ஃபோட்டோஷாப் வந்துதான் கெடுத்தது’ என்று புலம்புகிறவர்களுக்கு வரலாறு தெரியவில்லை.

இத்தனைக்கும் ஹூப்பரின் படங்களை நாம் தூக்கி எறியவில்லை, எறியவும் முடியாது. தாது வருஷத்தைப் பற்றி இன்று யார் புத்தகம் போட்டாலும் அட்டையிலோ உள்ளேயோ அவை இருக்கும். நாட்டுப்புறப் பாட்டிலும் கும்மியிலும் இருக்கும் பஞ்சத்துக்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி இவைதான். அறம்கெட்ட கை எடுத்த படம் மெய்யான சாட்சியாகிறது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாரும் இல்லை. நான் எதிர்பார்ப்பது சின்ன விஷயம்: அந்தப் படத்தைப் போடும் பதிப்பாளர் ‘பஞ்சத்தில் வாடும் மக்கள்’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், ‘ஹூப்பர் வரிசைப்படுத்தி எடுத்தது’ என்றும் சேர்த்து எழுதலாம். ஒரு வரிக்கு மை அதிகம் செலவாகாது.

நிறுத்திவைத்து எடுப்பதே பொய் என்று சொல்வது எளிது. சிங்கப்பூரில் 1950களிலும் 60களிலும் புகைப்படச் சங்கத்தினர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகக் கம்பங்கள் எனும் கிராமங்களுக்குப் போனார்கள். புகை மூட்டத்தில் சூரியக் கதிர், வலைவீசும் மீனவர், பாட்டியும் பேரனும் எனப் போட்டிப் பரிசுக்கேற்ற படங்கள் பிறந்தன. கம்பங்கள் போனபின் அவையே ‘பழைய சிங்கப்பூரின் ஆவணம்’ ஆகிவிட்டன. எடுத்தவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் கலை என்று நினைத்துத்தான் எடுத்தார்கள். பின்னால் வந்த நாம்தான் வரியை மாற்றினோம். இதைத் தலைகீழாகச் செய்து காட்டியவர் பெங்களூருவின் புஷ்பமாலா. கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000க்குப் பிறகான ஆண்டுகளில் அவர் எடுத்த ‘தென்னிந்தியப் பெண்கள்’ வரிசையில், காலனியக் காலத்து ‘வகை’ப் படங்களில் தானே வேடமிட்டு நிற்கிறார். அளவுகோல், திரை, உடை எல்லாம் அப்படியே. முழுக்க முழுக்க நாடகம், ஆனால் பழைய ‘ஆவணங்கள்’ எவ்வளவு நாடகம் என்று அது காட்டிவிடுகிறது. சிங்கப்பூரின் ராபர்ட் ஜாவ் ரென்ஹுய், கற்பனையான ஓர் ஆய்வுக்கழகத்தின் பெயரில், விலங்கியல் ஆவணம்போலப் படமும் குறிப்பும் சேர்த்துக் காட்டி நம்மைத் தடுமாறவைப்பவர். குறிப்பைப் படித்ததும் நாம் நம்பிவிடுகிறோம் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட நுனி.

திருத்தல் விவகாரத்தில் நெடுநேரம் நிற்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன, மீறினால் அகப்படுகிறார்கள். நம் பேட்டையிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து நடை தூரத்தில் உள்ள சைனாடவுனில் ஏணிச் சட்டங்களுக்கு நடுவே அண்ணாந்து எடுத்த ஒரு படம். ஏணியின் நட்டநடுவே கச்சிதமாக ஒரு விமானம். 2016 ஜனவரியில் நிக்கான் சிங்கப்பூர் அதற்குப் பரிசு கொடுத்தது. விமானத்தைச் சுற்றி ஒட்டுப்போட்ட வெள்ளைக் கட்டம் இருப்பதை இணையவாசிகள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அப்புறம் சில நாள் இணையத்தில் அந்த ஏணிக்குள் என்னென்னவோ பறந்தன. அதே ஆண்டு ஸ்டீவ் மெக்கரியின் படங்களில் ஆட்களும் கம்பங்களும் காணாமல் போயிருந்தது தெரியவந்தது. இந்தியாவின் வண்ணங்களை உலகத்துக்குக் காட்டியவர் எனப் பெயர்பெற்ற அவர், தான் செய்தியாளன் அல்ல, படத்தால் கதை சொல்பவன் என்றார். மறு ஆண்டு, சோனாகாச்சியில் எடுத்ததாகச் சொன்ன படத்தில் மேரி எலன் மார்க் மும்பை ஃபாக்லாண்ட் ரோட்டில் எடுத்த படத்திலிருந்து ஒரு பெண்ணைப் பெயர்த்து ஒட்டியதை சௌவித் தத்தா ஒப்புக்கொண்டார். 2015 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒன்றைத் திருத்தல் காரணமாகத் தள்ளினார்கள். பார்க்கும்போதே தெரிகிறது: கேமராவின் கோப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது, நடுவர்கள் பிடித்துவிடுகிறார்கள். பிடிபடாதது வேறு இடத்தில் இருக்கிறது.

கடலூரில் 2004 டிசம்பர் 28 அன்று ராய்ட்டர்ஸின் அர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ படமாயிற்று. ஒரு பெண் மண்ணில் கவிழ்ந்து கிடக்கிறார், உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. இடது ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். சுனாமி வாரிப்போனதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. ஒரு புள்ளிகூடத் திருத்தாத படம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து வருகிறது. தன் வாழ்க்கையின் மிக மோசமான நிமிடத்தில் தான் உலகமெங்கும் தொங்கப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது, கேட்டால் பதில் சொல்லும் நிலையிலும் அவர் இல்லை. படக்காரர் கேட்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிணத்தின் முன் அழும் ஒருவரிடம் அனுமதிப் படிவம் நீட்டுவது கேமராவை நீட்டுவதைவிடக் கேவலம். அனுமதி என்பது எடுப்பதற்கு முன் மட்டும் வாங்கும் சீட்டு என்று வைத்துக்கொண்டதில்தான் குளறுபடி. எடுத்தபின் திரும்பிப் போகலாம், படத்தைக் காட்டலாம், என்ன எழுதட்டும் என்று கேட்கலாம்.

டோரதியா லாங்கே அப்படித் திரும்பிப் போகவில்லை. 1936இல் கலிபோர்னியாவில் ஒரு பட்டாணித் தோட்ட முகாமில் சில நிமிடங்களில் ஆறேழு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார், பெயர் கேட்கவில்லை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஃப்ளாரன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது. அதற்குள் நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. கார்ச் சக்கரத்தின் டயரை விற்றுச் சாப்பிட்டதாக லாங்கே எழுதியதை அந்த அம்மாள் மறுத்தார், படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றும் சொன்னார். பெயர் கேட்டிருந்தால் டயர் கதையும் சரியாகியிருக்கும்.

சாட்சியம் என்று வரும்போது விஷயம் இன்னும் கனமாகிறது. 2009 ஆகஸ்டில், இலங்கைப் போர் முடிந்த சில மாதங்களில், பிரிட்டனின் சேனல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்களைச் சீருடையாளர்கள் சுட்டுக்கொல்லும் காட்சி. இலங்கை அரசு போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், உடற்கூறு, துப்பாக்கி, காணொளி ஆய்வு என மூன்று வல்லுநர்களை வைத்துப் பார்த்ததில் அது மெய்யென்றே தெரிகிறது என்று அறிவித்தார். 2013 பிப்ரவரியில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனுடைய மகன் பாலச்சந்திரனின் படங்கள் வந்தன. பன்னிரண்டு வயதுப் பையன் மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிறான். அடுத்த படத்தில் மார்பில் குண்டுக்காயங்களோடு கிடக்கிறான். இரண்டும் ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுத்தவை என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இலங்கை ராணுவம் மறுத்தது.

நான் சொல்லிவந்ததற்கு இந்தப் படங்கள் ஒரு விதத்தில் எதிர்ச்சாட்சி. இவற்றில் கலை இல்லை, அறம் அறவே இல்லை. எடுத்தவர்கள் கொன்றவர்களின் தரப்பினர் என்றே கருதப்படுகிறது, வெற்றிக் கோப்பைபோல எடுத்து வைத்துக்கொண்ட படங்கள். ஆனால் அந்தப் போரின் முடிவைப் பற்றி உலகம் பேசியபோது மேசைமேல் இருந்தவை இவையே. மாண்டலேயில் ஹூப்பர் எடுத்ததும் இதே சாதிதான். எடுத்தவனின் நோக்கத்தைப் படம் சட்டை செய்வதில்லை. பிறகு நாம் என்ன செய்தோம்? அந்தப் பையனின் படம் தமிழ்நாட்டில் சுவரொட்டியாயிற்று, பேனராயிற்று. 2013 மார்ச்சில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்ததற்கு அந்தப் படம் ஒரு காரணம், அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அதே படத்தின் பக்கத்தில் கட்சித் தலைவர்களின் படங்கள் பெரிது பெரிதாக வந்தபோது, யார் யாருக்குச் சாட்சி என்பது குழம்பிப்போயிற்று. கொழும்பு படத்தைப் போலி என்றது. நம்மவர்கள் படத்தைப் போலியாக்கவில்லை, அதற்குக் கீழே தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்.

சிங்கப்பூருக்குத் திரும்பலாம். இங்கே பொது இடத்தில் யாரையும் படம் எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. 2012இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சொந்த உபயோகத்துக்கு எடுப்பவரைத் தொடுவதில்லை. ஆகவே கேமரா உள்ளவனுக்குக் கொண்டாட்டம். தைப்பூசத்தன்று அலகு குத்தும் வேளையில் பக்தரின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி லென்ஸை நீட்டுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வேலை கையால் பிடித்து நிற்கும் தம்பி அவர்களை முழங்கையால் தள்ளவேண்டியிருக்கிறது. லோரியின் பின்னால் அடுக்கடுக்காக உட்கார்ந்துபோகும் ஊழியர்கள், புல்வெளியில் ஞாயிறு மாலையில் தூங்குபவர்கள், இவையெல்லாம் இன்றைய ‘வகை’கள். லாம்பர்ட் காலத்துத் திரையில் தோட்டம் இருந்தது, இப்போது கண்ணாடிக் கோபுரம் இருக்கிறது.

இந்த இடத்தில் என் வாதத்தையே கொஞ்சம் மடக்கவேண்டியிருக்கிறது. பெயர் போடுவது எப்போதும் மரியாதை ஆகாது. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியா எனும் தேக்காவில் ஒரு தமிழக ஊழியர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் நடந்தது. 25 பேர்மீது வழக்குப் போட்டார்கள், 57 பேரைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று எத்தனையோ கைப்பேசிகள் படம் பிடித்தன, விசாரணைக் குழுவின் முன்னும் காட்சிகள் ஓடின. வேலை அனுமதிச் சீட்டில் வாழும் ஒருவருக்கு ஒரு கூட்டத்தில் தன் முகம் தெளிவாகத் தெரிவது சாதாரண விஷயம் இல்லை. 2020இல் கொவிட் பரவலால் தங்குவிடுதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது ஊழியர்களே எடுத்து அனுப்பிய படங்களில் கட்டில் இருக்கும், சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும், முகம் இருக்காது. அந்த முகமின்மை லாம்பர்ட்டின் பெயரின்மை அல்ல. இது அவர்களே எடுத்த முடிவு.

பெயரைக் கேட்டு எழுதும் மரபு ஒன்றும் இப்போது வளர்ந்திருக்கிறது. பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணையதளத்தில் படத்துக்குக் கீழே பெரும்பாலும் மனிதரின் பெயர், ஊர், தொழில் மூன்றும் இருக்கும், கட்டுரையைத் தமிழிலும் படிக்கலாம். எட்டுத் தொகுதி ‘பீப்பிள் ஆஃப் இந்தியா’வுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த மறுமொழி என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன். திவ்ய பாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனி குமார், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படமெடுக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கவும் சொல்லித்தருகிறார். மீன் விற்ற தாயின் பிள்ளை அவர். அவர் படங்களில் மனிதர்கள் கேமராவைப் பார்க்கும் பார்வையில் ஒரு பழக்கம் தெரிகிறது, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல.

இங்கும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. ஹில் ஸ்திரீட்டின் லீ பிரதர்ஸ் ஸ்டூடியோவில் காசு கொடுத்து, நல்ல உடுப்பு உடுத்தி உட்கார்ந்தவர்களின் சுமார் 2,500 படங்கள் 1994இல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அவர்களிலும் பலர் யாரென்று தெரியாது. காப்பகம் 2015இல் ஒரு திட்டம் தொடங்கியது: குறிப்பில்லாத பழைய படங்களைப் பொதுமக்கள் இணையத்தில் பார்த்து, இடமோ ஆளோ தெரிந்தால் எழுதிக்கொடுக்கலாம். சில இரவுகள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தாத்தாவின் இருபத்தேழு பேரில் ஒருவராவது அகப்படுவாரா என்று தேடினேன். அகப்படவில்லை. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் கடைசி நாளான 2011 ஜூன் 30 அன்று நான் எடுத்த படங்களையும் அப்போதுதான் மறுபடி திறந்தேன். 1932இல் திறந்த நிலையம், முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள், கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். 214 படங்கள். வளைவு, கடிகாரம், தண்டவாளம், கை அசைக்கும் கூட்டம். வேட்டியும் சட்டையுமாகப் பெட்டியோடு நிற்கும் ஒரு பெரியவர் ஏழு படங்களில் வருகிறார். அவரிடம் நான் பேசவே இல்லை. கோப்பின் பெயர்: நிலையம்_முதியவர்_03. லாம்பர்ட்டைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு வார்த்தை. மேக்னம் புகைப்படக் கூட்டமைப்பின் யோனாஸ் பெண்டிக்சன் 2021இல் ‘தி புக் ஆஃப் வெலெஸ்’ என்று ஓர் ஆவணப் புகைப்படப் புத்தகம் போட்டார். அதிலிருந்த மனிதர்கள் கணினியில் செய்தவர்கள், எழுத்தையும் கணினியே எழுதியது. பிரான்சின் பெரிய புகைப்பட விழாவில் திரையிட்டபோதுகூட ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இப்போது சில கேமராக்களே படத்தோடு மின்முத்திரை பதித்துத் தருகின்றன. எந்தக் கருவி, எந்த நேரம், பின்னால் என்ன திருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகலாம். நல்லதுதான். வாட்ஸப்பில் வண்ணம் ஏற்றிக் கூர்மையாக்கிய ‘நம் முன்னோர்’ படங்கள் வருகின்றன. கலங்கிய முகத்துக்குக் கணினி புதிதாகக் கண்ணும் மூக்கும் வைத்துத் தருகிறது. என் அஞ்சலட்டையின் நான்காவது ஆளுக்கும் ஒரு முகம் செய்துகொள்ளலாம். மகன் ஒருமுறை செய்தும் காட்டினான். யாரோ ஒரு சினிமாக்காரர்போல இருந்தார். அழிக்கச் சொல்லிவிட்டேன்.

போன ஆண்டு தஞ்சோங் பகார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மதியம் நடந்துகொண்டிருந்தேன். கடைவீடுகளின் பின்வாசல்கள், குளிர்சாதனப் பெட்டிகளின் சூடு. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஐந்து பேர் படுத்திருந்தார்கள். ஹெல்மெட்டுகள் தலைமாட்டில் வரிசையாக. வெளிச்சம் அற்புதமாக விழுந்தது. கேமராவை எடுத்துவிட்டேன். இடமிருந்து இரண்டாவது ஆள் தூங்கவில்லை.

“அண்ணே, படுத்திருக்கிறப்ப வேணாண்ணே.”

மன்னிக்கச் சொல்லி, எதற்காக எடுக்கிறேன் என்று விளக்கினேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“எடுங்க, வேணாங்கல. வீட்ல ஏசி ரூம்ல சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருக்கு. பொண்ணு பத்தாவது படிக்கிது, நெட்ல எல்லாம் பாக்குது.”

“அப்ப முகம் தெரியாம எடுக்கட்டுமா தம்பி?”

“அது என்னண்ணே, திருடன் மாதிரி. நல்லாவே எடுங்க. இருங்க.”

மற்ற நால்வரையும் தட்டி எழுப்பினார். முகம் கழுவினார்கள். ஒருவர் சீப்பு எடுத்தார், அது ஐந்து பேரிடமும் போய்வந்தது. சந்திலிருந்து வெளியே வந்து, பின்னால் டக்ஸ்டன் பினக்கல் அடுக்குமாடி தெரியும்படி வரிசையாக நின்றார்கள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவர் பின்னால் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். தாத்தாவின் இரவுப் பள்ளிக்காரர்கள்போல மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

எடுத்து முடித்ததும் கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். இரண்டாமவர் விரலால் தொட்டார். “கம்பெனி பேரு சட்டையில தெரியிது பாருங்க. அத மட்டும் எடுத்துருங்க. அப்புறம் கூப்ட்டு கேப்பாங்க.”

அன்றிரவு ஐந்து சட்டைகளிலிருந்தும் அந்த எழுத்துகளை அழித்தேன். எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். வாட்ஸப்பில் அனுப்பிவைத்துவிட்டு, கீழே போட்டுக்கொள்ளப் பெயர்கள் வேண்டும் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஐந்து பெயர்கள், அப்பா பெயரின் தலைப்பெழுத்தோடு, ஊர்ப் பெயரோடு, அவர்கள் நின்ற அதே வரிசையில். அடியில் இன்னொரு வரி: ‘வெளிய போடாதீங்கண்ணே, உங்ககிட்ட இருக்கட்டும்.’

படத்தை அச்சுப்போட்டு, பின்பக்கத்தில் ஐந்து பெயர்களையும் பென்சிலால் எழுதி, அஞ்சலட்டை இருக்கும் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.